ரவுட்டர் மாறினால் சேமிப்புப் பெட்டி எங்கே போகிறது?

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் பழைய நிழற்படங்களுக்கு உள்ள மதிப்பைத் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சொந்த ஊரில் இருப்பவர்க்குக் கோயிலும் குளமும் கண்முன் நிற்கின்றன. தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கோ அவற்றைப் படத்தில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பாட்டியார் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு, காதணி விழாப் படங்கள், ஊரிலுள்ள நிலத்துப் பட்டாவின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் பொருட்டு, என்.ஏ.எஸ். எனப்படும் சேமிப்புப் பெட்டியை வாங்கி வைத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. ஓரிரண்டு ஹார்டு டிஸ்க்குகளைத் தன்னுள் கொண்டு, ரவுட்டரோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி அனைத்துக்கும் பொதுப் பேழையாக விளங்குவது இப்பெட்டி.

மாற்றல் உத்தரவு வந்து வீடு மாறும்போதோ, இணைய நிறுவனத்தை மாற்றும்போதோ வருகிறது சோதனை. புதிய ரவுட்டரைச் சுவரில் பொருத்திவிட்டு ஆள் போய்விடுகிறார். கைப்பேசியில் இணையம் வருகிறது, யாவரும் மகிழ்கிறோம். மாலையில் படம் பார்க்க அமர்ந்தால் பெட்டியைக் காணோம். கணினியில் அதற்கென இருந்த டிரைவின்மேல் சிவப்புக் குறி தோன்றுகிறது. எல்லாம் அழிந்துபோயிற்று என்று கலங்கி, பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியைச் செலுத்துவோரும் உண்டு. டிஸ்க்கையே கழற்றுவோரும் உண்டு. உண்மையில் அதுவரையில் ஒரு படமும் அழிந்திருக்காது. அழிவு நேர்வதெல்லாம் அதற்குப் பிறகு நாம் செய்யும் காரியங்களால்தான்.

நிகழ்ந்தது என்ன என்பதைப் பார்ப்போம். வீட்டு வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதனை வழங்குவது ரவுட்டரே, அம்முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ளுக்குள் வழங்கிக்கொள்வதற்கென்று 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் மூன்று வரிசைகளை 1996-ஆம் ஆண்டு வெளிவந்த இணைய விதி ஒதுக்கி வைத்துள்ளது. அவற்றுள் எதனைக் கொள்வது என்பது ரவுட்டரைச் செய்தவரின் விருப்பம். பழைய ரவுட்டர் 192.168.1 என்ற வரிசையில் எண்களை வழங்கியிருக்கும், புதியது 192.168.0 என்றோ 192.168.29 என்றோ தொடங்கும். தெருவின் பெயரே மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

இனி, நம் பெட்டியின் நிலை இரண்டில் ஒன்றாக இருக்கும். ரவுட்டர் தரும் எண்ணை ஏற்கும்படி அமைத்திருந்தால், அது புதிய எண்ணைப் பெற்று நலமாகவே இருக்கிறது. நம் கணினிதான் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது. முன்பு யாரோ அக்கறையோடு 192.168.1.50 போன்ற நிலையான எண்ணைப் பெட்டியிலேயே எழுதி வைத்திருந்தால், அது பழைய தெருவிலேயே அமர்ந்திருக்கிறது. புதிய தெருவில் நாம் அழைப்பது அதன் காதில் விழாது.

முதலில் கம்பி இரு முனைகளிலும் நன்கு பொருந்தியுள்ளதா, அவ்விடத்து விளக்கு எரிகிறதா என்று காண்க. பெட்டியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்கிச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பெட்டியின் பெயர் புதிய எண்ணோடு காணப்படும். பெட்டி செய்த நிறுவனங்களே தேடும் நிரல்களையும் இலவசமாக அளிக்கின்றன. சினாலஜி பெட்டிக்குச் சினாலஜி அசிஸ்டென்ட், க்யூநாப் பெட்டிக்குக் க்யூஃபைண்டர் புரோ என்பன அவை. முதல் நிலையாயின் இத்துடன் பெட்டி கிடைத்துவிடும்.

இரண்டாம் நிலைக்கு இரு வழிகள் உள. மடிக்கணினியைப் பெட்டியோடு நேரே ஒரு கம்பியால் இணைத்து, வை-ஃபையை அணைத்து, கணினிக்குச் சிறிது நேரத்திற்கு 192.168.1.20 என்றும் முகமூடி எண்ணாக 255.255.255.0 என்றும் கொடுத்தால், இருவரும் ஒரே தெருவினர் ஆகிவிடுவர். அப்போது பெட்டியின் பழைய எண்ணைப் பிரவுசரில் எழுதி உள்ளே சென்று, முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றிவிடலாம். வேலை முடிந்ததும் கணினியைப் பழையபடி அமைக்க மறத்தல் ஆகாது. மற்றொரு வழி, புதிய ரவுட்டரின் சொந்த எண்ணையே பழைய ரவுட்டரின் எண்ணாக, 192.168.1.1 என மாற்றிவிடுவது. வை-ஃபையின் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கே சூட்டிவிட்டால், தொலைக்காட்சி முதலியனவும் தாமே வந்து சேரும். ரவுட்டர் இடந்தருமாயின் இரண்டாவது வழியே மேல் என்பது நம் கருத்து. வீட்டிலுள்ள பத்துக் கருவிகளை மாற்றுவதினும் ஒன்றை மாற்றுவது எளிதன்றோ!

ஊசித் துளையைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சினாலஜி பெட்டிகளில் அதனைச் சுமார் 4 விநாடி, ஓர் ஒலி கேட்கும் வரையில், அழுத்தினால் நிர்வாகியின் கடவுச்சொல்லும் வலை அமைப்பும் மட்டுமே தொடக்க நிலைக்குத் திரும்பும், படங்களுக்கு ஊறில்லை. க்யூநாப் பெட்டிகளில் 3 விநாடி அழுத்துவது வேறு, 10 விநாடி அழுத்துவது வேறு. பின்னது அமைப்புகள் அனைத்தையும் மாற்றிவிடும். ஆகவே கைக்கடிகாரத்தைப் பாராமல் அழுத்துதல் கூடாது. இதனினும் கொடியது டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் பொருத்திப் பார்ப்பது. இப்பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. அவ்வெழுத்து விண்டோஸுக்குப் புரியாது. புரியாததனால் அது, “இந்த டிஸ்க்கைப் பார்மட் செய்யவா?” என்று பணிவோடு கேட்கும். “ஆம்” என்று ஒருமுறை அழுத்திவிட்டால் பாட்டியாரின் குரல் போயிற்று. பெட்டியின் திரையில் ‘இனிஷியலைஸ்’ என்ற சொல் வந்தாலும் அவ்வாறே மறுத்துவிட வேண்டும். இரண்டு டிஸ்க்குகளில் ஒரேவிதமாக எழுதப்படுவதால் அச்சமில்லை என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல்: அழிக்கும் கட்டளையும் இரண்டிலும் ஒரேவிதமாகவே நிறைவேறும். வெளியே தனியாக ஒரு டிஸ்க்கில் இன்னொரு படி இருத்தல் இன்றியமையாதது.

பெட்டி கிடைத்தபின் அதன் எண் மீண்டும் மாறாதிருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எண்ணைப் பெட்டியில் எழுதுவதைவிட ரவுட்டரில் ஒதுக்கி வைப்பது நன்று. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் 12 குறிகள் கொண்ட மேக் முகவரி இருக்கும்; அதனை ரவுட்டரில் பதிந்து, இன்ன எண் இதற்கே என்று குறித்துவிடலாம். பிறகு கணினியில் பழைய டிரைவை நீக்கிப் புதிய எண்ணோடு சேர்க்க வேண்டும். கைப்பேசியிலிருந்து படங்கள் தாமே பெட்டிக்குச் செல்லும்படி வைத்திருந்தோமே, அதனையும் திறந்து பார்க்க வேண்டும். அது நின்றுபோனால் யாரும் அறியமாட்டோம். அடுத்த பொங்கல் படங்களைத் தேடும்போதுதான் தெரியவரும்.

சில இல்லங்களில் நிறுவனத்தார் தந்த ரவுட்டரோடு நம் பழைய ரவுட்டரும் சேர்ந்து இயங்கும். பெட்டி ஒன்றிலும் கைப்பேசி மற்றொன்றிலும் இருந்தால் ஒன்றையொன்று காணாமற் போகலாம். இரண்டாவதை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ ஆக மாற்றினால் தீர்ந்தது. விருந்தினர்க்கென்று வைத்த வை-ஃபையில் இருந்துகொண்டு பெட்டியைத் தேடுவதும் வீண் வேலை.

ஊரிலுள்ள தாத்தாவும் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனும் இதே பெட்டியிலுள்ள படங்களைப் பார்ப்பதுண்டு. பழைய ரவுட்டரில் அதற்காக வாயில் திறந்து வைத்திருப்போம். புதிய நிறுவனத்தில் அது பயன்படாமற் போகலாம். ஏனெனில், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தரும் முறையைப் பல நிறுவனங்கள் கையாள்கின்றன. ரவுட்டரின் வெளிமுக எண் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அம்முறையே என்று அறியலாம். பயன்பட்டாலும் அவ்வாயிலைத் திறவாதிருப்பதே நலம். 2021 ஜூன் மாதத்தில், இணையத்தில் திறந்துகிடந்த மை புக் லைவ் பெட்டிகள் பல, தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் தீநிரல் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. வி.பி.என். வழியாகவோ, பெட்டி செய்தவர் தரும் இடைவழிச் சேவையாகிய குவிக்கனெக்ட் போன்றவற்றின் வழியாகவோ தாத்தா வரட்டும்.

பழைய ரவுட்டரை நிறுவனத்தாரிடம் உடனே கொடுத்துவிட வேண்டா. பெட்டிக்கு எந்த எண் இருந்தது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். யாவும் சரியான பின், அதிலுள்ள கடவுச்சொற்கள் நீங்கும்படி அதன் ரீசெட் பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொடுக்கலாம். அந்தத் துளையில் ஊசியைத் தாராளமாகச் செலுத்தலாம்.