அலகும் காலும்: வயலுக்கு வரும் பறவைகளை இனம் அறிதல்

பாகூர் வட்டாரத்துக் கரையாம்புத்தூர் முதலான கிராமங்களில், நெற்கதிர் பால் பிடிக்குங் காலத்தில் வயலில் இறங்கும் பறவை எதுவாயினும் தகரத்தைத் தட்டி விரட்டுவது வழக்கம். இரவில் கூகை அலறினால் அதனைச் சாவுக்குறியென்று கருதிக் கல்லெறிவதும் உண்டு. இவ்விரண்டினாலும் குடியானவருக்கு நஷ்டமே மிகுதி. தானியந் தின்பது எது, பூச்சியையும் எலியையுந் தின்பது எது என்று பிரித்தறியாமல் விரட்டுதல், கள்வனை விட்டுக் காவற்காரனை அடிப்பதற்கு ஒப்பாகும்.

உலகிலுள்ள பறவைகள் ஏறக்குறைய 11,000 இனங்களாம். சாஸ்திர வல்லுநர் இவற்றை 40-க்குச் சற்று மேற்பட்ட வரிசைகளாக வகுத்திருக்கின்றனர். அவற்றின் பெயர்களையெல்லாம் மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. அலகு ஆகாரத்தையும், கால் வாழ்க்கை முறையையும் தெரிவிக்கும். இவ்விரண்டையும் நோக்கினாற் போதும்.

குருவி வரிசை.— பறவை இனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இவ்வரிசையைச் சேர்ந்தவை. மூன்று விரல் முன்னும் ஒரு விரல் பின்னுமாகக் கிளையைப் பற்றுவதற்கேற்ற கால் இவற்றுக்கு உண்டு. இதில் பகைவரும் நண்பரும் கலந்திருப்பதால் அலகைக் கவனித்தல் அவசியம். சில்லை, தூக்கணாங்குருவி இவற்றின் அலகு குட்டையாய்த் தடித்துக் கூம்பிய வடிவினது. நெல்லை உடைப்பதற்கு அமைந்தது. பிளந்த வாலையுடைய கரிச்சானோ பறக்கும் பூச்சிகளைப் பிடித்துண்பது.

புறா, கிளி, கோழி வரிசைகள்.— புறா சிந்திய தானியத்தைப் பொறுக்கும். கிளிக்கு அலகு வளைந்திருக்கும்; இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாக இருக்கும். மயில், கவுதாரி, காடை ஆகியவை கோழி வரிசையைச் சேர்ந்தவை. நிலத்தைக் கிளறும் வலிய கால்களை உடையவை. மயிலால் பயிருக்குச் சேதம் உண்டெனினும், அதனைக் கொல்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

நீர்ப்பறவைகள்.— பாகூர் ஏரியிலும், 2008-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட ஊசுட்டேரியிலும் இவற்றை நன்கு காணலாம். வாத்து வரிசைக்கு விரல்களிடையே தோல் பரந்திருக்கும். நாமக்கோழி வாத்தைப் போல் நீந்தினும், அதன் விரல்களில் தனித்தனி மடல்களே உண்டு. அது கொக்குகளோடன்றி நாரைகளோடுமன்றிக் கானாங்கோழியோடு சேர்க்கப்படுவது. கொக்கு பறக்கையில் கழுத்தை மடக்கிக்கொள்ளும். நாரை நீட்டியே பறக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியபோதும் நடுவே இடைவெளி தெரியும். அது வயலிலுள்ள நத்தைகளைத் தின்பது.

இரைகொல்லிப் பறவைகள்.— கொக்கி போன்ற அலகும் கூரிய வளைநகமும் இவற்றின் அடையாளம். தோற்றத்தில் ஒத்திருப்பினும் பருந்தும் இராஜாளியும் ஒரே வரிசையல்ல. இராஜாளி கிளிக்கே நெருங்கிய உறவென்று அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியால் தெரிகிறது. கூகையும் ஆந்தையும் தனி வரிசை. இவற்றின் கண்கள் முன்னோக்கியிருக்கும். இறகின் ஓரம் மென்மையானதால் பறக்கும் ஓசை கேளாது. கூகையின் காதுகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருப்பதால், இருளிலும் எலி அசையும் இடத்தை ஒலியாலேயே அது அறியும். அது தங்கும் பாழ்மண்டபத்தின் கீழ்க் கிடக்கும் கக்கல் உருண்டையைப் பிரித்துப் பார்த்தால், எலியின் மயிரும் எலும்பும் காணப்படும்.

இத்தகைய காவற்காரனைக் குடியானவர் அறியாமலே கொல்வதும் உண்டு. புரோமடையலோன் போன்ற மருந்து கலந்த உணவைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். அதனை எளிதிற் பிடித்துண்ணும் கூகையின் உடலிலும் நஞ்சு சேரும். இது வெறும் அச்சமன்று. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் மாமிச வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளை இந்தியாவெங்கும் அழித்தது. காரணம் தெரிந்து 2006-இல் கால்நடைகளுக்கு அதனைத் தடை செய்வதற்குள் பெரும்பகுதி மாண்டன.

ஆகையால், எலியை ஒழிக்க முதலில் வரப்பை ஒடுக்கிக் கட்டி, தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். மருந்து வைக்க நேர்ந்தால் செத்த எலிகளைத் தினந்தோறும் பொறுக்கி ஆழப் புதைத்தல் அவசியம். நடவுக்குப் பின் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை குறுக்குக் கட்டையுள்ள குச்சிகளை நட்டால், பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் அவற்றில் அமர்ந்து வேட்டையாடும். கதிர் முற்றத் தொடங்கியதும் அக்குச்சிகளைப் பிடுங்கிவிடுதல் நலம். இன்றேல் நெல் தின்னும் குருவிகளுக்கு அவையே ஆசனமாகும்.

ஏரிக்கரையிலுள்ள பொந்து மரங்களை வெட்ட அனுமதி கோரி வரும் மனுக்களில், அப்பொந்தில் கூகை குடியிருக்கிறதா என்று கிராமாதிகாரிகள் நேரிற் பார்த்தறிவது நன்று. கூலியின்றி இரவெல்லாம் வயல் காக்கும் ஆளுக்கு ஒரு மரப்பொந்தை விட்டுவைப்பது பெருஞ் செலவன்று.