வலைக்கண்ணும் மறுதாக்க விசையும்

கட்டுமானத்தைச் சிறு துண்டங்களாகப் பிரித்து, அவை கூடும் கணுக்களின் பெயர்ச்சிகளைக் கணனியின் துணையோடு காணும் முறையை முடிவுள்ள மூலக முறை என்பர். றே குளோ 1960 இல் அதற்கு இப்பெயரை இட்டார். துண்டங்களின் பருமன், அதாவது வலைக்கண்ணின் அளவு, விடையின் செம்மையைப் பாதிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் தாங்கிகள் தரும் மறுதாக்க விசையைப் பொறுத்தவரை ஒரு மயக்கம் நிலவுகின்றது. மறுதாக்கங்களின் கூட்டுத்தொகை சுமைக்குச் சமமாயின் வலை போதுமானது எனப் பலர் கருதிவிடுகின்றனர். அக்கூட்டுத்தொகை வலையின் தரத்துக்குச் சான்றன்று.

ஓர் எளிய கோலை எடுத்துக்கொள்வோம். அதன் நீளமும் யங்கின் மட்டும் ஓரலகு. குறுக்குவெட்டுப் பரப்பு 2 இலிருந்து 1 வரை சீராகக் குறைகின்றது. ஒரு முனையைப் பிணித்து, மறுமுனையை ஓரலகு பெயர்த்தால், நேரியல் கோட்பாட்டின்படி மறுதாக்கம் 1.443. கோல் முழுவதையும் ஒரே நேரியல் மூலகமாகக் கொண்டால் விடை 1.500; இரண்டாகப் பிரித்தால் 1.458, நான்காக்கினால் 1.447. பரும்படியான வலை பொருளை அதன் இயல்பின்படி உருமாற விடுவதில்லை. அத்தடையே பொய்யான விறைப்பாகி மறுதாக்கத்தை மிகைப்படுத்துகின்றது. ஆயினும் மூன்று கணிப்புகளிலும் இரு முனைகளின் விசைகளும் பிசகின்றிச் சமப்படுகின்றன. நாம் தீர்ப்பவை சமநிலைச் சமன்பாடுகளே; அவை சமப்படுவதில் வியப்பென்ன?

பெயர்ச்சிக்குப் பதிலாகச் சுமை தரப்படும்போதும் மொத்தம் மாறாது. ஆனால் தாங்கிகள் பலவாயின், அவற்றுக்கிடையிலான பங்கீட்டை உறுப்புகளின் ஒப்பு விறைப்பே நிர்ணயிக்கின்றது. வலை பிழையாயின் பங்கீடும் பிழைக்கும். (மொத்தத்தைக் காட்டிப் பங்கீட்டை மறைக்கும் வித்தை, தலா வருமானக் கணக்குகளைப் படித்தோர்க்குப் புதிதன்று.)

இதன் விளைவு எத்தகையதாகலாம் என்பதை நோர்வே கண்டது. ஸ்லெய்ப்னர் ஏ என்னும் எண்ணெய் மேடையின் கொன்கிறீட்டு அடித்தளம், 1991 ஓகஸ்ற் 23 இல், ஸ்ராவங்கருக்கு அண்மையிலுள்ள கடற்கழியிலே சோதனைக்காகத் தாழ்த்தப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உயிரிழப்பில்லை, நட்டம் ஏறத்தாழ 70 கோடி டொலர். வட்ட அறைகள் சந்திக்கும் முக்கோண இடைவெளிகளின் சுவர்களுக்குப் பரும்படியான, உருக்குலைந்த மூலகங்கள் பயன்பட்டிருந்தன. சுவர் தன் தாங்கு முனையிலே ஏற்கும் கொய்வு விசை, மூலகங்களுள் கிடைத்த தகைப்புகளிலிருந்து நீட்டிக் கணிக்கப்பட்டது. அது உண்மையிலும் 47 வீதம் குறைந்திருந்தது. அச்சுவரின் வலுவூட்டற் கம்பிகள் போதிய அளவு நங்கூரமிடப்படாமையும் சேர்ந்துகொண்டது. பின்னர் நிகழ்ந்த நுண்ணிய பகுப்பாய்வு 62 மீற்றர் ஆழத்திலே முறிவு நேரும் என்றது. உண்மையில் நேர்ந்தது 65 மீற்றரில். நீரமுக்கத்தையும் சுவரின் அகலத்தையும் கொண்டு கையாலேயே அவ்விசையை அண்ணளவாகக் கண்டிருக்கலாம் என்பதுதான் நெஞ்சை உறுத்துவது.

இதனால் வலையைக் கண்மூடி நுணுக்குவதே தீர்வாகிவிடாது. புள்ளித் தாங்கியிலும் உள்நோக்கிய கூர்மூலையிலும் தகைப்பு, வலை நுணுக நுணுக எல்லையின்றி உயரும்; மறுதாக்கமோ ஒரு பெறுமானத்தை நோக்கி அமைதியாக அணுகும். ஆகவே கண்ணளவைப் பாதியாக்கி, ஒவ்வொரு தாங்கியின் மறுதாக்கத்தையும் தனித்தனியே ஒப்பிடல் வேண்டும். முப்பரிமாணத்திலே இதற்கு எட்டு மடங்கு மூலகங்கள் தேவை. வலையின் நுண்மையைக் கணிதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பகுப்பாய்வாளனுக்கு அளிக்கப்படும் காலமும் கூலியும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.