ஆயில் விளக்கு மினுக்குகிறதா? இன்ஜினை இறக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்

பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்து வருடம் ஓடிய மினி லாரி. காலையில் எடுக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. லோடு ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். இன்ஜினை இறக்கி முழு வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அறுப்பு நடக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்த முடியவில்லை. என்ன செய்யலாம்?"

வேளாண்மைத் துறைக்காரனிடம் லாரிக் கேள்வியா என்று நினைக்க வேண்டாம். சொட்டுநீர் போட்ட எல்லோருக்கும் இதற்கான பதிலில் பாதி ஏற்கெனவே தெரியும். மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது. பிரஷர் வருவது சொட்டுவான்களின் சின்னத் துளைகள் தடுப்பதால். லேட்டரல் குழாயின் கடைசி மூடி கழன்றுவிட்டால் மோட்டார் நன்றாக ஓடினாலும் மீட்டர் முள் இறங்கிவிடும். இன்ஜினிலும் அப்படித்தான். ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்க் ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி அதைத் தடுப்பதால் பிரஷர் நிற்கிறது. பேரிங் தேய்ந்தால் மூடி கழன்ற கதை. அடியிலுள்ள வடிகட்டி அடைத்தால் ஃபுட் வால்வ் அடைத்த கதை. ரிலீஃப் வால்வ் திறந்தபடி மாட்டிக்கொண்டால் பைபாஸ் திறந்துகிடக்கும் கதை. ஆயில் நீர்த்துவிட்டாலும் தடுப்பு குறையும். இத்தனை காரணங்களுக்கும் விளக்கு ஒன்றுதான். விளக்கை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதற்காக அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

ஓட்டத்தில் விளக்கு எரிந்து நிலையாக நின்றுவிட்டால் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துவதே சரி. ஆயில் இல்லாமல் ஓடினால் பேரிங் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். ஆனால் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது எரிந்தால் பதறிப்போய் ஓடுகிற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். கியரிலேயே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான ஓரத்தில் நின்ற பிறகுதான் ஆஃப் செய்ய வேண்டும். பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம், அந்த இறக்கத்தில் போன உயிர்கள் திரும்பவில்லை.

இனி சோதனை. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் மேட்டிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, டீசல் கலந்திருக்கலாம். மோந்து பார்த்தாலே தெரியும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று நின்று போனாலும் டீசல் ஆயிலில் இறங்கும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

அடுத்தது பிரஷர் சுவிட்ச். சாவி போட்டதும் விளக்கு எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்குதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் அது எப்போதும் எச்சரிக்காது. பழைய வண்டியில் சுவிட்ச் ஒயரைக் கழற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. கம்ப்யூட்டர் உள்ள புது வண்டிகளில் இந்த ஒயர் வேலை வேண்டாம்.

முக்கியமான சோதனை மீட்டர்தான். சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் மீட்டரை நேராக மாட்டுவார்கள். ஒரு கிரேட் தக்காளி விலைக்குள் முடிகிற வேலை என்று எழுத நினைத்தேன். எந்த நாள் விலை என்று கேட்பீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில் ஒரு அளவு, 2,000 சுற்றில் ஒரு அளவு. அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு அதே இரண்டு அளவுகள். ஆக நான்கு. சரியான எண் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் இல்லாவிட்டால், சூடான நிலையில் ஆயிரம் சுற்றுக்குப் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. மீட்டர் கிலோவில் இருந்தால் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ.

நான்கும் சரியாக இருந்தால் கோளாறு சுவிட்சில். நான்குமே குறைவென்றால் பம்ப் அல்லது ரிலீஃப் வால்வைச் சந்தேகிக்கலாம். வால்வில் ஒரு துணுக்கு மாட்டியிருந்தாலும் போதும். வேகம் கூட்டும்போது பிரஷர் இறங்கினால் சேம்பருக்குள் வடிகட்டி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். சேம்பர் கேஸ்கெட்டுக்கு அள்ளிப் பூசிய சிலிக்கான் பேஸ்ட் பிய்ந்து அங்கே போய் ஒட்டிக்கொள்வது உண்டு. குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் ஐடிலில் மட்டும் விழுந்தால் ஆயில் நீர்த்திருக்கிறது, இல்லையென்றால் பேரிங் அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது.

பாலக்கோடு விவசாயியின் வண்டி இந்தக் கடைசி வகை போலத் தெரிகிறது. லூஸ் ஆயிலை விட்டுவிட்டு, புத்தகத்தில் சொன்ன கிரேடில் (பழைய டீசல் வண்டிகள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40) புது ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு மீட்டர் வையுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் கரைகிறது. லோடு ஏற்றுவதை அன்றே நிறுத்த வேண்டும். அப்போதும் முழு வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். பல வண்டிகளில் சேம்பரைக் கழற்றி அடியிலிருந்தே பேரிங்கைப் பார்க்கலாம். கிராங்க் ஷாப்டில் கோடு விழாமல் இருந்தால் பேரிங் மட்டும் மாற்றி முடித்துக்கொள்ளலாம். கோடு விழுந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

சில பட்டறைகளில் ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பார்கள், அல்லது கெட்டி ஆயில் ஊற்றுவார்கள். விளக்கு அணையும், தேய்மானம் தொடரும். வண்டியை விற்கப் போகிறவருக்கு அது உதவலாம், வாங்குகிறவருக்கு அல்ல. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே விளக்கைப் பாருங்கள்.

மீட்டரில் வந்த நான்கு அளவுகளையும், வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டரோடு எழுதி அனுப்புங்கள். டிராக்டருக்கும் இதே நான்கு அளவுகள்தான். கிலோமீட்டருக்குப் பதில் ஓடிய மணிக்கணக்கை எழுதினால் போதும்.