கோட்டக்குப்பம் வெளிமாநிலம், ஏனாம் உள்ளூர்: உங்க ஆன்லைன் கடை ஆர்டரை எப்படி எழுதி வைக்குது?

வேலையில இருந்துக்கிட்டே சின்னதா ஒரு ஆன்லைன் கடை நடத்தலாமான்னு கேட்கிறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர். முதலீடு, விளம்பரம் பற்றியெல்லாம் வீடியோவுல பேசியாச்சு. இன்னைக்கு பார்க்கப் போறது, உங்க கடை சாஃப்ட்வேர் ஒரு ஆர்டரை எப்படிப் பதிவு பண்ணுதுங்கிறதை. அது டெவலப்பர் வேலைதானேன்னு விட்டுடாதீங்க. பதிவு தப்பானா வரி கட்டப் போறது நீங்கதான்.

நீங்க தட்டாஞ்சாவடி பிப்டிக் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில வேலை பார்க்கிறீங்கன்னு வைச்சுப்போம். பக்கத்துலயே வீடு. வீட்டுல இருந்து குர்தி விற்க ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறீங்க. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் அடிப்படையில நாலு நோட்டுதான்: கடை, பொருள், கஸ்டமர், ஆர்டர். முதல் மூணும் மாறிக்கிட்டே இருக்கும். விலை ஏறும், கஸ்டமர் வீடு மாறுவாங்க. ஆர்டர் மட்டும் நடந்து முடிஞ்ச விஷயம். ஆனா செலவு குறையட்டும்னு தெரிஞ்ச பையன்கிட்ட சொல்லி எழுதி வாங்குற சாஃப்ட்வேர்ல, ஆர்டர் நோட்டுல கஸ்டமர் நம்பர், பொருள் நம்பர், எத்தனை பீஸ், இவ்வளவுதான் இருக்கும். விலை, வரி, முகவரி எல்லாத்தையும் மத்த நோட்டைப் பார்த்து அப்பப்ப எடுத்துக்கும்.

இதுல என்ன ஆகும்னு 2025 செப்டம்பர் 22 அன்னைக்கே பார்த்துட்டோம். 1,000 ரூபாய்க்கு மேல, 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரெடிமேட் துணிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு. 1,800 ரூபாய் குர்தி முந்தின நாள் வரைக்கும் 2,016. அடுத்த நாள் 1,890. செப்டம்பர் 15ல வாங்கினவங்க அளவு சரியில்லன்னு 25ஆம் தேதி திருப்பி அனுப்பினா, பழைய விகிதத்துலதான் கிரெடிட் நோட் போடணும், 2,016 திருப்பித் தரணும். பொருள் நோட்டைப் பார்க்கிற சாஃப்ட்வேர் 1,890ன்னு காட்டும். கஸ்டமருக்கு 126 ரூபாய் குறையும். அது மட்டுமில்ல, ஆகஸ்ட் மாத பில்லை இன்னைக்கு எடுத்துப் பார்த்தா அதுவும் 5 சதவீதத்துல வரும். நீங்க ரிட்டர்ன்ல காட்டினதோ 12. அதிகாரி கேட்டா எதைக் காட்டுவீங்க?

முகவரி விஷயம் இன்னும் சிக்கல், அதுவும் நம்ம புதுச்சேரியில. தட்டாஞ்சாவடியில இருந்து சில கிலோமீட்டர்ல இருக்கற கோட்டக்குப்பம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்க ஒரு குர்தி அனுப்பினா அது வெளிமாநில விற்பனை, ஐஜிஎஸ்டி. ஆந்திராவுக்கு நடுவுல இருக்கற ஏனாமுக்கோ, கேரளாவுக்குள்ள இருக்கற மாஹேவுக்கோ அனுப்பினா அது உள்மாநிலம்! சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. (பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன வரைபடம், நாம பில் போட்டுக்கிட்டு இருக்கோம்.)

பின்கோடை வைச்சு மாநிலத்தைக் கண்டுபிடிச்சுக்கலாம்னு டெவலப்பர் சொன்னா நம்பாதீங்க. தட்டாஞ்சாவடி 605009, கோட்டக்குப்பம் 605104. முதல் மூணு எண் ஒண்ணுதான், மாநிலம் வேற. ஏனாம் 533464, மாஹே 673310. மாநிலத்தை கஸ்டமர் தனியா தேர்வு செய்யணும்.

எந்த முகவரிங்கிறது அடுத்த கேள்வி. கோயம்புத்தூர்ல இருக்கற அண்ணன், புதுச்சேரியில இருக்கற தங்கச்சிக்கு குர்தி ஆர்டர் போடறார். பில் முகவரி தமிழ்நாடு, டெலிவரி புதுச்சேரி. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கஸ்டமருக்கு டெலிவரி முகவரிதான் கணக்குன்னு 2024 ஜூன் 26 தேதியிட்ட 209ஆம் எண் சுற்றறிக்கை தெளிவா சொல்லுது. அதனால இது உள்மாநிலம். டெலிவரி முகவரி கஸ்டமர் நோட்டுல மட்டும் இருந்தா போதாது, ஒவ்வொரு ஆர்டர்லயும் இருக்கணும். வூகாமர்ஸ்ல வரி எந்த முகவரியை வைச்சுக் கணக்கிடணும்னு ஒரு செட்டிங்கே இருக்கு. அதை டெலிவரி முகவரியில வைங்க.

மாத்திக் கட்டிட்டா? கோட்டக்குப்பம் ஆர்டருக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு 90 ரூபாய் கட்டிட்டீங்கன்னா, ஐஜிஎஸ்டி 90 ரூபாயை மறுபடி கட்டணும். அதுக்கு வட்டி கிடையாது. ஆனா முதல்ல கட்டினதை ரீஃபண்டுக்கு விண்ணப்பிச்சுதான் வாங்கணும். ஒரு ஆர்டர்னா பரவாயில்ல. வருஷம் முழுக்க இப்படின்னா உங்க சம்பளப் பணம்தான் அங்க முடங்கும்.

இன்னொண்ணு, கடை நோட்டு. பொருள் விற்கிறவங்களுக்கு தமிழ்நாட்டுல 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம். புதுச்சேரியில அந்த வரம்பு 20 லட்சம்தான். அதுவும் உள்மாநில விற்பனைக்கு மட்டும். கோட்டக்குப்பத்துக்கு ஒரே ஒரு பீஸ் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு, சாதாரண ரெடிமேட் குர்திக்கு இல்ல. உங்க ஜிஎஸ்டி எண் 34ல ஆரம்பிக்கும். நாளைக்கு சென்னையில குடோன் போட்டு அங்க இருந்து அனுப்பினா 33ல ஆரம்பிக்கிற தனி எண் வேணும். அதனால எந்த இடத்துல இருந்து கிளம்பினதுங்கிறதும் ஆர்டர்ல இருக்கட்டும்.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. டெஸ்ட் ஆர்டர் ஒண்ணு போடுங்க. அப்புறம் அந்தப் பொருளோட விலையையும் வரியையும் மாத்துங்க, கஸ்டமர் முகவரியை கோட்டக்குப்பத்துக்கு மாத்துங்க. இப்ப பழைய பில்லைத் திறங்க. ஒரு ரூபாய் மாறியிருந்தாலும் டெவலப்பருக்கு போன் போடுங்க.