ஒரு விசைப்பலகையும் பல கணினிகளும்

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை வளப்படுத்துகின்றது. உழவர் ஒரே வாய்க்காலின் நீரை மடை மாற்றி, ஒரு வயலுக்குப் பின் மற்றொரு வயலுக்குப் பாய்ச்சுவர். வயல்கள் பல, வாய்க்கால் ஒன்றே. கணினிகளுக்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு.

கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்தில் கணினிப் பணி புரிவார் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் மேசைமீது கணினிகள் இரண்டு உள்ளன. ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மற்றொன்றில் நூலுக்குப் பக்கம் அமைக்கிறார். விசைப்பலகை இரண்டும் சுட்டி இரண்டும் இருப்பின் மேசையில் இடம் போதாது, கைகளும் தடுமாறும். இக்குறையைப் போக்கவே ஒருவகை மென்பொருள் தோன்றியது.

கிறிஸ் ஷோன்மன் என்பார் உருவாக்கிய ‘சினர்ஜி’ 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளையும் அது இணைக்க வல்லது. 2011இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் கணினிகள் நான்கினை இணைக்கும் ‘மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்’ என்பதனை வெளியிட்டது. 2022இல் ஆப்பிள் நிறுவனமும் தன் கணினிகளுக்கு இவ்வசதியைத் தந்தது.

இது செயற்படும் முறை எளியது. விசைப்பலகையும் சுட்டியும் பூட்டிய கணினி தலைமைக் கணினி ஆகும். எத்திரை வலப்புறம், எத்திரை இடப்புறம் என்பதனை முதலில் அதற்கு அறிவித்தல் வேண்டும். சுட்டிக்குறி திரையின் ஓரத்தைக் கடந்ததும், அடுத்த திரையில் தோன்றும். அதுமுதல் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் வலையமைப்பின் வழியே அக்கணினியைச் சென்றடையும். ஒன்றில் படியெடுத்த சொற்றொடரை மற்றொன்றில் ஒட்டவும் இயலும். ஆயினும், திரைக்காட்சி இடம்பெயர்வதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் தனித்திரை வேண்டும். தலைமைக் கணினி நின்றுவிடின், ஏனையவை அவ்விசைப்பலகைக்குக் கட்டுப்படா.

இங்கு விழிப்பாய் இருத்தற்குரியது ஒன்றுண்டு. அழுத்தும் எழுத்துகளுள் கடவுச்சொல்லும் அடங்கும். தொடக்கக் காலச் சினர்ஜியில் எழுத்துகள் மறைக்கப்படாமலே சென்றன. அவ்வலையமைப்பில் ஒற்றறிவார் அவற்றைப் படித்தறிய இடமிருந்தது. பின்வந்த பதிப்புகளில் எழுத்துகளை மறைகுறியாக்கும் வசதி சேர்ந்தது. ஆதலின், மறைகுறியாக்கம் இயங்குகின்றதா என்று தேர்ந்த பின்னரே கடவுச்சொல்லை எழுதுதல் வேண்டும். பொதுவிடத்து வலையமைப்பில் இதனைப் பயன்படுத்தாமையே நன்று.

கரை உறுதியாய் இருந்தால்தான் வாய்க்கால் நீர் வயலைச் சேரும். மடை மாற்றக் கற்றவர் கரை காக்கவும் கற்றல் வேண்டும்.