செய்திமடலின் முதல் வரி

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் குடிநோய் சிகிச்சையில் இருக்கும் ஆலோசகர்களுக்காக மாதாமாதம் நான்கு பக்கச் செய்திமடல் ஒன்று தயாரிக்கிறேன். முன்பெல்லாம் முதல் பக்கத்தில் ஆய்வுச் சுருக்கங்கள்தான். யாரும் படிச்ச மாதிரி தெரியல.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு முதல் பக்கத்தை மாத்திட்டேன்.

மெத்தனாலின் ஆபத்து உடனே தெரியாது. கல்லீரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதுவரை சாதாரண போதை மாதிரியே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண் மங்கல். 'தூங்கினா தெளிஞ்சிடும்' என்று வீட்டில் படுக்க வைத்தால் சிகிச்சைக்கான நேரம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. சாவைப் பார்த்துப் பயந்து, பல வருடக் குடியைச் சிலர் ஒரே நாளில் நிறுத்துவார்கள். இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அதுவும் உயிருக்கு ஆபத்துதான்; மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்தணும்.

இப்போது மடலின் முதல் வரி இரண்டு கேள்விகள்: 'கண் மங்குதா? கடைசியா எப்ப குடிச்சார்?' போனில் யாராவது அழைத்தால் ஆலோசகர் முதலில் கேட்க வேண்டியவை. ஆய்வுச் சுருக்கம் மூணாம் பக்கத்துக்குப் போயாச்சு.