கேமரா இருக்கு... சொல்லித்தர ஆள் இருக்கா? சென்னை போட்டோகிராபர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள்!

முகூர்த்த நாள் வந்துவிட்டால் சென்னையில் போட்டோகிராபர்களைக் கையில் பிடிக்க முடியாது. விடியற்காலை 4 மணிக்கே மண்டபத்தில் ஆஜர்! ஊஞ்சல், மாலை மாற்றல், தாலி கட்டு, மேடையில் நீளும் வரிசை. வரவேற்பு முடிந்து வீடு திரும்ப நள்ளிரவு ஆகிவிடும்.

ஆடி மாதம் வந்தால்? கேமராப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்!

போதாக்குறைக்கு இப்போது எல்லோர் கையிலும் செல்போன். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபருக்கே வழிவிடாமல் கைகள் நீளுகின்றன. "இதை நானே எடுத்துடுவேனே, உனக்கு எதுக்குய்யா இவ்வளவு பணம்?" என்று கேட்கும் காலம் இது.

இதற்கு என்ன வழி? கடன் வாங்கி இன்னும் பெரிய லென்ஸ் வாங்குவதா?

இல்லை. லென்ஸை யாரும் வாங்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணைத் தீட்ட வேண்டும். எடுத்த படத்தை விஷயம் தெரிந்தவரிடம் காட்டி, "இது நல்லா இல்லே, இப்படி எடுத்திருக்கணும்" என்று சொல்லக் கேட்க வேண்டும்.

"அதுக்கெல்லாம் எங்கே போறது? பணக்காரங்க சமாசாரம் ஆச்சே!" என்று அலுத்துக் கொள்பவர்கள் உண்டு. அது தப்பு. சென்னையிலேயே இடம் இருக்கிறது. சில இடங்களில் செலவே இல்லை. ஏமாறாமல் நடந்து கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோ விவரம்:

1857-ல் பிறந்த சங்கம்

சென்னைக்குப் போட்டோ கலை புதிது அல்ல. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1850-ல் இங்கே ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் காலத்திலேயே அங்கு படம் பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதே ஹண்டரின் முயற்சியில் பிறந்ததுதான் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி. பிறந்த ஆண்டு 1857. வெள்ளைக்காரன் போய்விட்டான், பிலிம் சுருளும் போய்விட்டது, சங்கம் மட்டும் இன்னும் இருக்கிறது!

இப்படிப்பட்ட சங்கங்களில் என்ன நடக்கும்? உறுப்பினர்கள் தாங்கள் எடுத்த படங்களைக் கொண்டு வருவார்கள். மூத்தவர்கள் பார்த்துக் குறை, நிறை சொல்வார்கள். சேர்ந்து படம் எடுக்கக் கிளம்புவார்கள். போட்டியும் நடக்கும். பேங்க் அதிகாரியும் டாக்டரும் கல்யாண போட்டோகிராபரும் ஒரே பெஞ்சில்! அங்கே பேசுவது படம் மட்டும்தான்.

சலூனும் அல்ல, செலானும் அல்ல!

இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை "சலான்." முடி வெட்டும் சலூனும் அல்ல, பேங்கில் நிரப்பும் செலானும் அல்ல. நடுவர்கள் மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கும் படப் போட்டிக்கும் கண்காட்சிக்கும்தான் அந்தப் பெயர்.

இந்தியப் போட்டோ சங்கங்களுக்கு 1953 முதல் ஒரு கூட்டமைப்பு உண்டு. உலக அளவில் 1950-ல் தொடங்கிய 'எப்.ஐ.ஏ.பி.' என்ற சம்மேளனம் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில், பல நாடுகளில் உங்கள் படங்கள் ஏற்கப்பட்டால் பெயருக்குப் பின்னால் 'ஏ.எப்.ஐ.ஏ.பி.' என்று போட்டுக் கொள்ளலாம். லண்டனில் 1853-ல் பிறந்த ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் பட்டம் தருகிறது. அதன் முதல் படி 'எல்.ஆர்.பி.எஸ்.' 10 படங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டும்.

"பட்டம் சோறு போடுமா?" என்று கேட்கலாம். நேரடியாகப் போடாது. ஆனால் 10 படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால்தான், நாம் எடுத்த 10 ஆயிரத்தில் தேறுவது எத்தனை என்று தெரியும். அந்தப் பாடத்துக்கு விலை இல்லை!

மீன் விற்ற தாயின் மகன்

பட்டமும் பணமும் இருந்தால்தான் முன்னேறலாம் என்பதும் இல்லை. மதுரை பழனிக்குமாரைப் பாருங்கள். அவருடைய தாய் மீன் வியாபாரம் செய்தவர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களின் அவலத்தைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப் படத்துக்கு (2017) ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான். தொடர்ந்து உழைக்கும் மக்களையே படம் எடுத்தார். 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக இவருக்குத்தான் கிடைத்தது.

இவர் கற்றதைப் பூட்டி வைக்கவில்லை. வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். சபாஷ்!

கேமரா ஒசத்தியா இல்லையே என்று கவலைப்படுபவர்கள் மா.கிருஷ்ணனை நினைத்துக் கொள்ளலாம். சென்னையில் வாழ்ந்த காட்டுயிர்ப் படக் கலைஞர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்ட வைத்துத் தாமே ஒரு கருவி செய்து கொண்டு காட்டுக்குப் போனவர். 1970-ல் பத்மஸ்ரீ தேடி வந்தது!

ஊரே கண்காட்சி

சென்னையில் 2016-ல் தொடங்கியது 'சென்னை போட்டோ பியனாலே.' அடுத்தடுத்து 2019-லும், 2021-லும், 2024-லும் நடந்தது. பல வாரங்கள் நீளும் திருவிழா இது. 2019-ல் கடற்கரை எதிரே உள்ள செனட் ஹவுஸிலும், கவின் கலைக் கல்லூரியிலும் கூடப் படங்கள் மாட்டினார்கள்.

கண்காட்சியோடு பேச்சு, பயிற்சிப் பட்டறை, படத் தொகுப்பு மதிப்பீடு என்று கூடவே நடக்கும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டு விடுகிறார்கள். அங்கேதான் அதிர்ஷ்டக் கதவு திறக்கிறது!

20 நிமிட நேர்காணல்

அது என்ன மதிப்பீடு? மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பத்திரிகைப் பட ஆசிரியரோ, கண்காட்சி அமைப்பவரோ இருப்பார். இந்தப் பக்கம் நீங்கள். பெரும்பாலும் 20 நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் படங்களைக் காட்டிப் பேச வேண்டும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து 'போட்டோபெஸ்ட்' இதற்குப் பெயர் போனது.

போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, மூட்டை மூட்டையாகப் படம் கொண்டு போவது. 15 அல்லது 20 போதும். ஒரு கோவில், ஒரு குழந்தை, ஒரு சூரியோதயம் என்று கதம்பமாகவும் இருக்கக் கூடாது. ஒரே விஷயத்தைத் தொடர்ந்து சொல்ல வேண்டும்.

இது இன்று வந்த யோசனை அல்ல. லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளக் கல்வெட்டை அங்குலம் அங்குலமாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார். நீளம் 19 அடி! ஒரு படம் சொல்லாததை 21 படம் சொன்னது.

காசை எண்ணுபவர்களுக்கு இன்னொரு செய்தி. கம்போடியாவின் அங்கோர் போட்டோ விழாவில் 2005 முதல் ஆசிய இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி நடந்து வந்திருக்கிறது. படங்களைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

சினிமாப் பக்கம் போக ஆசையா? தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவை முறையாகப் படிக்கலாம்.

ஓநாய் செய்த வினை!

போட்டிக்கு அனுப்பும்போது நாணயம் முக்கியம். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009-ல் ஒரு ஸ்பெயின்காரர் முதல் பரிசை வென்றார். இரவில் ஓர் ஓநாய் மரக் கதவைத் தாண்டிக் குதிக்கும் படம். பரிசு 10 ஆயிரம் பவுன்!

பிறகு குட்டு உடைந்தது. அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். படம் எடுத்தவர் மறுத்தார். பயன் இல்லை. 2010 ஜனவரியில் பரிசு ரத்து!

ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் 'வேர்ல்ட் பிரஸ் போட்டோ' போட்டியிலும் இதே கண்டிப்பு. 2015-ல் கடைசிச் சுற்றுக்கு முன் வந்த படங்களில் 20 சதவீதம் தள்ளப்பட்டன. காரணம், கம்ப்யூட்டரில் செய்த கைவேலை!

இந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. போபால் விஷவாயு விபத்தில் பலியான குழந்தையின் படத்துக்காக 1984-ம் ஆண்டின் சிறந்த படம் என்ற பரிசை பாப்லோ பார்த்தலோமியு பெற்றது இங்கேதான். ஆகவே, "பணம் கட்டினால் உலக விருது நிச்சயம்" என்று யாராவது அழைத்தால், பர்சை மூடிக் கொள்ளுங்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

இப்போது திடுக்கிடும் சங்கதி. கல்யாணத்தில் நீங்கள் எடுத்த படம் உங்களுக்குச் சொந்தமா?

"நான் எடுத்தது, எனக்குத்தான்!" என்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்படும் படத்துக்கு அவரே முதல் சொந்தக்காரர். வேறு ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும்.

ஆகவே அந்த மணப்பெண் படத்தை, கேட்காமல் போட்டிக்கு அனுப்பினால் வம்புதான். ஆர்டர் எடுக்கும்போதே, "போட்டிக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி விடுங்கள். ஒரு நிமிட வேலை.

கையெழுத்துப் போடும் முன்...

நீங்களாகவே தெருவில், கடற்கரையில் எடுத்த படம் என்றால் உரிமை உங்களுடையது. உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் அது நீடிக்கும். உங்கள் பிள்ளைக்கும் சோறு போடும் சொத்து!

அதைச் சில போட்டி நடத்துபவர்கள் ஒரு சின்ன எழுத்து விதியில் சுருட்டி விடுவார்கள். "அனுப்பும் எல்லாப் படங்களின் முழு உரிமையும் எங்களுக்கே" என்று இருக்கும். பரிசு ஒருவருக்கு, படம் எல்லோருடையதும் அவர்களுக்கு. நல்ல வியாபாரம்!

உரிமையைக் கைமாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இதைத் தெரிந்து வைத்துக் கொண்டு பேசுங்கள். "கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் மட்டும்" என்று எழுதியிருந்தால் தாராளமாக அனுப்பலாம்.

ஆடியில் கடையை மூடி உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. இந்த ஆண்டு எடுத்ததில் நல்லதாக 15 படத்தைப் பொறுக்குங்கள். நல்ல பிரிண்ட் போடுங்கள். ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போய் மேஜையில் வையுங்கள். திட்டினால் திட்டட்டும்!

செல்போன்காரருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அந்தத் திட்டில்தான் தொடங்கும். அவர் படத்துக்கு எல்லோரும் 'லைக்' போடுவார்கள். "இதை ஏன் இப்படி எடுத்தாய்?" என்று கேட்க அவருக்கு ஆள் இல்லை.